தோமோ, தோமாஸ், தோமா: ஒரு வினைச்சொல் என்னைப் படுத்திய பாடு

"என்னம்மா சொல்றாங்க? சீக்கிரம் கேட்டுச் சொல்லுங்க" என்றார் டாக்டர்.

காஞ்சிபுரத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவு. பங்குனி மாதத்து மதியம். கட்டிலில் மெக்சிகோ நாட்டுப் பெரியவர் ஒருவர் குளித்துவிட்டு வந்தவர் மாதிரி வியர்த்துக் கிடந்தார். பெயர் ரமோன். எங்கள் ஓட்டலில் அவரை எல்லோரும் 'ராமன் சார்' என்றே கூப்பிட்டோம். அவரும் கையெடுத்துக் கும்பிட்டுத் திரும்பிப் பார்ப்பார். அன்றைக்கு ராமன் என்றாலும் திரும்பவில்லை, ரமோன் என்றாலும் திரும்பவில்லை.

பக்கத்தில் அவர் மனைவி லூப்பே. அந்த அம்மாவுக்கு ஸ்பானிஷ் தவிர எதுவும் தெரியாது. டாக்டருக்கு ஸ்பானிஷ் தவிர மற்றது தெரியும். நடுவில் நான், ஓட்டல் ரிசப்ஷனிஸ்ட் கிரேஸ். மெக்சிகோவிலிருந்த அவர்கள் மகனுக்குப் போன் போட்டுப் பார்த்தோம். அங்கே அது தூங்குகிற நேரம். எடுக்கவில்லை.

ரத்தத்தைக் குத்திப் பார்த்த டாக்டர், "சுகர் தரையில கிடக்குது. சுகர் மாத்திரை சாப்பிடுறாரா? இன்னிக்கி எத்தன சாப்பிட்டாரு? கேளுங்க" என்றார்.

கேட்டேன். அந்த அம்மா அழுகையும் மூச்சுமாக ஒரே மடக்கில் ஏதோ சொன்னார். எனக்குக் காதில் விழுந்தது இவ்வளவுதான்: "ஓய்! தோமோ தோஸ்!"

என்னைத்தான் 'ஓய்' என்று அதட்டுகிறார் என்று நினைத்தேன். புருஷன் சாகக் கிடக்கும்போது மரியாதையைப் பார்க்க முடியுமா? நர்ஸ் தன் போனை எடுத்து மொழிபெயர்ப்பை அழுத்தி அந்த அம்மாவின் வாயருகே நீட்டினாள். அவர் மறுபடியும் அதையே சொன்னார். போன் கொஞ்சம் யோசித்துவிட்டு, 'இரண்டாம் தொகுதி' என்று காட்டியது; புத்தகத் தொகுதிக்கும் அந்த பாஷையில் 'தோமோ' தானாம்.

"இரண்டாம் தொகுதியா?" என்றார் டாக்டர்.

"போனுக்கு ஒண்ணும் தெரியாது மேடம். நான் சொல்றேன்" என்றேன் கெத்தாக. "இவங்க ரெண்டு மாத்திரை போடுவாங்களாம்."

"இவங்க போடுறத யாரு கேட்டா? அவரு?"

"அவரப் பத்தி ஒண்ணும் சொல்லல மேடம்."

டாக்டர் தலையில் அடித்துக்கொள்ளாத குறையாக குளுக்கோஸ் ஏற்றச் சொன்னார். கால் மணி நேரத்தில் ரமோன் கண்ணைத் திறந்து நர்ஸைப் பார்த்துச் சிரித்தார். எல்லோருக்கும் உயிர் வந்தது. நான் பெரிய மொழிபெயர்ப்பாளர் போல முந்தானையை இழுத்துச் சரிசெய்துகொண்டேன். அந்த மனுஷனை அரைகுறையாக ஓட்டலுக்கு அனுப்புகிற அளவுக்கு ஒரு தப்பைச் செய்திருக்கிறேன் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

போன வாரம் என் முதல் வேலையைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு, 'ஓட்டல் ரிசப்ஷனில் உட்கார்ந்து அப்படி என்ன கிழித்துவிட்டீர்கள்?' என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. கிழித்ததில் ஒன்று இது.

நன்றி என்றால் நானா?

எனக்கு எதற்கு ஸ்பானிஷ்? என் அப்பா ஓரிக்கையில் அடுத்தவர் நிலத்தில் வரப்புக்கு அண்டை வெட்டியவர். அம்மா நாற்று நட்டவர். நான் பன்னிரண்டாம் வகுப்பு முடித்து, டைப்பிங் படித்து, கம்ப்யூட்டர் படித்து, கடைசியில் கோயிலுக்கும் பஸ் ஸ்டாண்டுக்கும் நடுவில் இருந்த ஒரு ஓட்டலில் ரிசப்ஷனில் உட்கார்ந்தேன். அரைகுறை இங்கிலீஷிலேயே பதினைந்து வருடம் ஓடியது.

அப்போதுதான் ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனிக்கு மெஷின் பூட்ட மெக்சிகோவிலிருந்து ஏழெட்டுப் பேர் வந்தார்கள். மூன்று மாதம் எங்கள் ஓட்டலில் தங்கினார்கள். நல்ல பிள்ளைகள். சாவி கொடுத்தால் "கிராசியாஸ்" என்பார்கள். தண்ணீர் பாட்டில் கொடுத்தால் "கிராசியாஸ்". என் பெயர் கிரேஸ். அதைத்தான் அவர்கள் ஊர்ப்பக்கம் இப்படி இழுத்துக் கூப்பிடுகிறார்கள் என்று முதல் வாரம் முழுக்க நம்பினேன். ஒவ்வொரு தடவையும் "எஸ் சார்?" என்று எழுந்து நின்றேன். அவர்கள் ஒன்றும் புரியாமல் மறுபடியும் "கிராசியாஸ்" என்பார்கள். நான் மறுபடியும் "எஸ் சார்?" இப்படியே லிப்ட் வரும்வரை நடக்கும்.

அது நன்றி என்று அர்த்தமாம். மேனேஜர் சொல்லிவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்து முடித்து, "நீ ஏன்மா அந்த பாஷைய கத்துக்கக் கூடாது? இன்னும் நெறைய பேரு வரப் போறாங்களாம்" என்றார்.

மானம் போன வேகத்தில் சரி என்று சொல்லிவிட்டேன். எனக்கு அப்போது நாற்பத்தொரு வயது.

தறிச் சத்தத்தில் பாடம்

வாத்தியாருக்கு வயது இருபத்து மூன்று. பெயர் சங்கீதா. பிள்ளையார்பாளையத்தில் பட்டு நெய்கிற குடும்பம். பெண் சென்னையில் ஸ்பானிஷ் படித்துவிட்டு, வீட்டிலிருந்தபடியே லேப்டாப்பில் ஏதோ வெளிநாட்டுக் கம்பெனிக்கு வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். சனிக்கிழமை மதியம் எனக்கு வகுப்பு. கூடத்தில் அவள் அப்பாவின் தறி. தறிக்கு இந்தப் பக்கம் பாயில் நாங்கள் இரண்டு பேர். அவர் பலகையை இழுத்து அடிக்கிற சத்தத்துக்கு மேலே கத்தித்தான் பாடம் நடத்த வேண்டும்.

"அக்கா, மொதல்ல இங்கிலீஷ மறந்துடுங்க" என்றாள் முதல் நாளே. "இது நம்ம தமிழ் மாதிரி. 'வந்தேன்'னு சொன்னா போதும், 'நான்' தனியா வாணாம். வார்த்தையோட வாலப் பாத்தா ஆளு தெரியும், டைமும் தெரியும்."

"அப்போ ஈசிதான்" என்றேன். பாவம், அவளும் தலையாட்டினாள்.

முதல் வினைச்சொல் 'தோமார்'. எடுத்துக்கொள்வது என்று அர்த்தம். பஸ் பிடிப்பதற்கும் அதுதான், மாத்திரை சாப்பிடுவதற்கும் அதுதான், மெக்சிகோவில் குடிப்பதற்கும் அதுதான். ஒழுங்கான சொல், வம்பு பண்ணாது, இதைப் படித்துவிட்டால் இதே மாதிரி ஆயிரம் சொல் வந்துவிடும் என்றாள். 'ஆர்' என்கிற வாலை வெட்டிவிட்டு வேறு வாலை ஒட்ட வேண்டும். தோமோ என்றால் நான் எடுக்கிறேன். தோமாஸ், நீ எடுக்கிறாய். தோமா, அவர் எடுக்கிறார். தோமாமோஸ், நாம் எடுக்கிறோம். தோமான், அவர்கள் எடுக்கிறார்கள்.

இது நிகழ்காலம். அடுத்த வாரம் இறந்தகாலம். தோமே, நான் எடுத்தேன். தோமாஸ்தே, நீ எடுத்தாய். தோமோ, அவர் எடுத்தார்.

"தோமோ போன வாரமே வந்துச்சே?" என்றேன்.

"அது வேற தோமோக்கா. மொதல் எழுத்த அழுத்துனா 'நான் எடுக்கறேன்'. கடைசில ஓங்கிக் குத்துனா 'அவரு எடுத்தாரு'. மேல ஒரு சின்னக் கோடு போட்டிருக்கும், பாருங்க. நீங்க தமிழ்ல எழுதிக்காதீங்க, அந்தக் கோடு போயிடும்."

நான் தமிழில்தான் எழுதிக்கொண்டேன். இரண்டு தோமோவும் என் நோட்டில் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி உட்கார்ந்திருந்தன.

அது போதாதென்று 'நாம் எடுக்கிறோம்' என்பதும் தோமாமோஸ், 'நாம் எடுத்தோம்' என்பதும் தோமாமோஸ். அதற்குக் கோடும் கிடையாது. இதைக் கேட்டதும் தறி நின்றது. சங்கீதாவின் அப்பா தறிக் குழிக்குள்ளிருந்து தலையை நிமிர்த்தினார்.

"நேத்திக்கும் இன்னிக்கும் ஒரே வார்த்தையா? அப்போ அந்த ஊர்ல ஒருத்தன் 'சேலைய குடுத்துட்டோம்'னா நம்பறதா, வாணாமா?"

"இடத்தப் பாத்துப் புரிஞ்சிக்கணும்பா."

"இன்னா பாஷையோ" என்று மறுபடி தறியை இழுத்தார். இரண்டு மாதத்தில் அந்த மனுஷன் என்னைவிட நன்றாகப் படித்துவிட்டார் என்பதுதான் வயிற்றெரிச்சல். நான் எங்காவது தடுமாறினால் நூலைப் பார்த்தபடியே, "தோமாஸ்தேமா, தோமாஸ்தே" என்பார்.

பேர் சொல்லாத பெண்டாட்டி

என் வீட்டுக்காரர் பெயர் தாமஸ். கம்பெனி பஸ் ஓட்டுகிறார். கல்யாணமாகி இருபது வருடத்தில் நான் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'இன்னாங்க' தான். ரொம்பக் கோபம் வந்தால் 'இன்னா' மட்டும்.

இப்போது துணி துவைக்கும்போதும், மீன் கழுவும்போதும், "தோமோ, தோமாஸ், தோமா" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். முதல் நாள் அவர் வாசலிலிருந்து ஓடிவந்து, "இன்னா, கூப்டியா?" என்றார். இரண்டாம் நாளும் வந்தார். மூன்றாம் நாள் வரவில்லை.

அடுத்தது 'எடுத்துக்கொண்டிருந்தேன்', 'முன்பெல்லாம் எடுப்பேன்' என்று சொல்கிற காலம். அதற்கு வால் 'ஆபா'. தோமாபா, தோமாபாஸ், தோமாபா.

"இப்பத்தான் 'பா' போட்டு ஒழுங்கா கூப்டற" என்றார் சந்தோஷமாக.

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். எனக்குத்தான் படித்த திமிர். "உங்க பேருக்கு அந்த பாஷைல அர்த்தம் இன்னா தெரியுமா? தோமாஸ்னா 'நீ குடிக்கிற'ன்னு அர்த்தம்" என்றேன்.

அவர் முகம் தொங்கிப்போனது. அவர் குடியை விட்டுப் பத்து வருடம் ஆகியிருந்தது. அதற்காகவே ஜெபக் கூட்டத்துக்குப் போக ஆரம்பித்தவர். அதற்காகவே என்னையும் கூட்டிக்கொண்டு போனவர். "பேருலயே வெச்சிட்டானுங்களா?" என்று கேட்டுவிட்டு வெளியே போய் நின்றுகொண்டார். "குடிப்பீங்க-ன்னு சொல்ல வேற வால் இருக்குது, குடிச்சீங்க-ன்னு சொல்லவும் வேற வால் இருக்குது, உங்களுக்குப் பழசுதான் பொருந்தும்" என்று பின்னாலேயே போய் விளக்கியதில் நிலைமை இன்னும் மோசமானது.

ஜெபக் கூட்டத்தில் வந்த பாஷை

ஜெபக் கூட்டம் என்றதும் இதைச் சொல்லாமல் தாண்ட முடியாது.

வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம். காலையிலிருந்து பட்டினி, தலைக்கு மேலே தகரம், பக்கத்தில் மைக். கண்ணை மூடினால் தூக்கம் வரும். தூங்காமலிருக்க நான் அந்த வாரப் பாடத்தை முணுமுணுத்தேன். அது 'எடுத்திருப்பேன், எடுப்பேனே' என்று இழுக்கிற காலம். தோமாரியா, தோமாரியாஸ், தோமாரியா, தோமாரியாமோஸ்.

சுற்றிலும் எல்லோரும் சத்தமாக ஜெபிக்க, நானும் கொஞ்சம் சத்தத்தைக் கூட்டினேன் போலிருக்கிறது. திடீரென்று பக்கத்திலிருந்த அக்கா என் தோளைப் பிடித்து உலுக்கினார். "கிரேஸுக்கு அந்நிய பாஷ வந்துடுச்சி! அல்லேலூயா!"

ஆவி இறங்கினால் தெரியாத பாஷையில் பேச்சு வரும் என்பது எங்கள் சபையின் நம்பிக்கை. கண்ணைத் திறந்தால் போதகர் ஐயா என் தலையில் கை வைத்திருக்கிறார். மைக் என் வாயருகே. எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. நிறுத்தினால் ஆவியை அணைத்த பாவம், சொன்னால் இலக்கணம். இலக்கணத்தையே சொன்னேன்.

பின்வரிசையில் ஒருவர், "மரியான்னு சொல்லுதே! மாதாவக் கும்பிடாத நம்ம சபைல மரியா பேரு எதுக்கு?" என்று ஆட்சேபித்தார். போதகர் அவரைக் கையமர்த்திவிட்டு, "இந்த பாஷைக்கு அர்த்தம் சொல்ற வரம் யாருக்குக் கெடச்சிருக்குது?" என்று கேட்டார்.

மூன்றாவது வரிசையில் பூ வியாபாரம் செய்கிற ஒரு அம்மா கண்களை மூடியபடி எழுந்தார். "எடுத்துக்கோன்னு சொல்றாரு! என் பிள்ளைங்களே, எடுத்துக்கோங்கன்னு சொல்றாரு!"

அர்த்தம் சரி. அந்த அம்மா எந்தப் பிள்ளையார்பாளையத்தில் படித்தாரோ, இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

அங்கே நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அடுத்த மூன்று வாரம் எனக்கு ஃபேனுக்கு நேராக இடம் போட்டார்கள், உபவாசம் முடிந்ததும் முதல் தட்டு சுண்டல் எனக்குத்தான் வந்தது. நானும் வாங்கிச் சாப்பிட்டேன். விஷயம் தெரிந்த ஒரே ஆள் தாமஸ். வீட்டுக்குப் போகிற வழியில், "எடுத்துக்கோன்னாங்க, நீ சுண்டலையும் எடுத்துக்கின" என்பதோடு விட்டுவிட்டார்.

மறுபடியும் ஆஸ்பத்திரி

இந்த லட்சணத்தில் படித்த ஸ்பானிஷோடுதான் நான் அவசரப் பிரிவில் முந்தானையைச் சரிசெய்துகொண்டு நின்றேன்.

மெஷின் பூட்ட வந்த பிள்ளைகளில் ஒருவனின் அப்பா, அம்மாதான் ரமோனும் லூப்பேயும். மகன் ஊருக்குத் திரும்பிப் போய் இந்த ஊர்க் கோயில்களைப் பற்றிச் சொல்லிச் சொல்லி, தாங்களே பார்த்துவிடுவோம் என்று கிளம்பி வந்தவர்கள். 'அங்கே கிரேஸ் இருக்கிறாள், அவளுக்கு ஸ்பானிஷ் தெரியும்' என்று வேறு அவன் சொல்லி அனுப்பியிருக்கிறான். அந்தப் பாவமும் என் தலையில்தான்.

ரமோன் எழுந்து உட்கார்ந்து இரண்டு பிஸ்கட் தின்றார். மதியம் இரண்டு மணி. டாக்டர், "காலைல சரியா சாப்பிடாம வெயில்ல சுத்தியிருப்பாரு. பாட்டில் முடிஞ்சதும் கூட்டிக்கினு போங்க. சாப்பிட வெச்சி, நல்லா தூங்கச் சொல்லுங்க" என்று காகிதத்தில் எழுத ஆரம்பித்தார்.

நான் அதை லூப்பே அம்மாவிடம் சொன்னேன். தூங்க வேண்டும் என்றதும் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். தலையை ஆட்டி ஆட்டி மறுத்தார். பிறகு ஒரு சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல நிறுத்தி நிறுத்திச் சொன்னார். "ஓய். தோ-மோ. தோஸ்." அந்த 'மோ' வரும்போது கட்டில் கம்பியில் முஷ்டியால் ஒரு குத்து விட்டார்.

அந்தக் குத்தில் எனக்கு எல்லாம் விளங்கியது. 'ஓய்' என்றால் இன்றைக்கு. நான் முதல் மாதமே படித்த சொல். 'தோமோ', கடைசியில் குத்துவது, அவர் எடுத்தார். இன்றைக்கு அவர் இரண்டு எடுத்தார்.

தினமும் எத்தனை என்று கேட்டேன். "தோமா ஊனா" என்றார். ஒன்று எடுப்பார். தினமும் ஒன்று, இன்றைக்கு இரண்டு. மூன்று சொல்லில் முடிந்த விஷயம்.

டாக்டரின் பேனா ஓடிக்கொண்டிருந்தது. சொன்னால் இத்தனை பேர் எதிரில் மானம் போகும், ஓட்டலுக்கும் தகவல் போகும். சொல்லாவிட்டால்? மனுஷன் எழுந்து உட்கார்ந்து பிஸ்கட் தின்கிறாரே, இனி என்ன ஆகிவிடப்போகிறது? ஒரு நிமிஷம், முழுசாக ஒரு நிமிஷம், நான் அப்படித்தான் நினைத்தேன். எழுதவே கூசுகிறது.

"மேடம்" என்றேன். "நான் தப்பா சொல்லிட்டேன். ரெண்டு போட்டது அந்தம்மா இல்ல. அவரு. இன்னிக்கி. எப்பவும் ஒண்ணுதானாம்."

டாக்டர் பேனாவை வைத்தார். "போடுவாங்க-ன்னீங்களே?"

"காலத்த மாத்திக் கேட்டுட்டேன் மேடம். ஆளையும்."

"தெரியலன்னா தெரியலன்னு சொல்லணும்மா! அந்த மாத்திரை நாள் முழுக்க உள்ள இருந்துக்கினு வேல செய்யும். இப்ப ஏறின சுகர் மறுபடி எறங்கும். தூக்கத்துல எறங்குனா யாருக்குத் தெரியும்?" என்று கத்திவிட்டு, எழுதின காகிதத்தைக் கிழித்துப் போட்டு அட்மிஷன் என்று எழுதினார்.

வார்டில் இருந்த அத்தனை பேரும் என்னையே பார்த்தார்கள். நான் தரையைப் பார்த்தேன். தரை சுத்தமாகத்தான் இருந்தது.

டப்பாவில் ஏழு அறை

அட்மிஷன் என்றதும் ரமோன் துள்ளினார். தனக்கு ஒன்றுமில்லையாம். "தோமே ஊனா!" என்றார். ஒன்றுதான் எடுத்தேன்.

"தோமாஸ்தே தோஸ்!" என்றார் லூப்பே. நீ இரண்டு எடுத்தாய்.

"தோமே ஊனா!"

"தோமாஸ்தே தோஸ்!"

"என்ன சொல்றாங்க?" என்றார் டாக்டர். அவர் இனி என்னை நம்புவதாக இல்லை. ஆனால் வேறு ஆளும் இல்லை.

"சண்ட போடறாங்க மேடம். அவரு தன்மைல ஒண்ணுங்கறாரு, அவங்க முன்னிலைல ரெண்டுங்கறாங்க."

லூப்பே கைப்பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் டப்பாவை எடுத்தார். வாரத்துக்கு ஏழு அறை, அறைக்கு ஒரு நாள் மாத்திரை. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அவர்தான் நிரப்புவாராம். இன்றைய அறை காலி. நாளைய அறையும் காலி. ரமோன் அதை எட்டிப் பார்த்துவிட்டு, நீதான் நாளைக்கு உள்ளதைப் போட மறந்திருப்பாய் என்றார். அதைக் கேட்டதும் லூப்பே டப்பாவை மூடி மடியில் வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு சண்டை போடவில்லை.

அவர்கள் சண்டையை விட்டாலும் மாத்திரை விடவில்லை. பொழுது சாய்கிற நேரத்தில், குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருக்கும்போதே, ரமோனுக்கு மறுபடி வியர்த்துக் கொட்டியது. பேச்சு குழறியது. நர்ஸ் தயாராகப் பக்கத்திலேயே இருந்ததால் உடனே ஊசி போட்டார்கள். ஓட்டல் அறையில் ஏசியைப் போட்டுப் போர்த்திக்கொண்டு படுத்திருந்தால், நல்ல தூக்கம் என்று கதவைச் சாத்திவிட்டு வந்திருப்போம். டாக்டர் என் பக்கம் பார்த்து ஒரு தலையசைப்பு மட்டும் செய்தார். அது மன்னிப்பா, எச்சரிக்கையா என்று தெரியவில்லை.

வராந்தா பெஞ்சில் லூப்பே அந்தக் காலி டப்பாவைத் திறந்து மூடி, திறந்து மூடி உட்கார்ந்திருந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் மெதுவாகப் பேசினார். இந்தத் தடவை ஒவ்வொரு வாலையும் கவனித்துக் கேட்டேன்.

"ஒல்விதோ" என்றார். நான் மறக்கிறேன். போன வாரம் குழாயை மூட மறந்தாராம். சென்னையில் கண்ணாடியை விட்டுவிட்டு வந்தாராம். பிறகு, "மி மமா ஒல்விதாபா" என்றார். என் அம்மா மறந்துகொண்டே இருந்தாள். கடைசியில் மகளின் பெயரையும் மறந்துவிட்டாளாம். 'ஆபா' என்கிற அந்த வாலை நான் மீன் கழுவிக்கொண்டு எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! அதில் இவ்வளவு இருக்கும் என்று தெரியாது.

மாத்திரையைத் தான்தான் டப்பாவில் போட மறந்துவிட்டோம், அம்மாவுக்கு வந்தது தனக்கும் வந்துவிட்டது என்று அந்த அம்மா முடிவே கட்டிவிட்டார். அப்படியானால் சர்க்கரை ஏன் இப்படி இறங்கியது என்று கேட்கத் தோன்றியது. பயந்தவர்களிடம் கணக்குப் பேசுகிற அளவுக்கு எனக்கு ஸ்பானிஷ் போதவில்லை.

மறுநாள் காலை

வேலைக்குப் போகும் முன் ஆஸ்பத்திரிக்குப் போனேன். லூப்பே காபி வாங்கக் கீழே போயிருந்தார். ரமோன் சவரம் செய்துகொண்டு ஜம்மென்று உட்கார்ந்திருந்தார். என்னைக் கிட்டே வரச் சொல்லி விரலால் ஜாடை காட்டினார்.

"தோமே தோஸ்" என்றார் ரகசியமாக. இரண்டு எடுத்தேன். உதட்டில் விரலை வைத்தார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏன் என்று கேட்டேன். சொன்னார். முந்தின நாள் விடியற்காலை கோயிலுக்குப் போயிருக்கிறார்கள். லூப்பே கோபுரத்தைப் படம் பிடித்துக்கொண்டிருந்த நேரத்தில் இவர் பிரசாதக் கடைக்கு நழுவிப்போய் இரண்டு தொன்னை சர்க்கரைப் பொங்கல் தின்றிருக்கிறார். திரும்பி வந்து, இனிப்புக்கு ஈடாக இருக்கட்டும் என்று அடுத்த நாள் மாத்திரையையும் விழுங்கிவிட்டு, வயிறு நிறைந்திருந்ததால் டிபனும் சாப்பிடாமல் படுத்துவிட்டார்.

கூரத்தில் எனக்கு ஒரு சித்தப்பா உண்டு. கல்யாணத்துக்குக் கிளம்பும்போது சட்டைப் பையில் ஒரு மாத்திரை கூடுதலாகப் போட்டுக்கொள்வார். கேட்டால், "இது லட்டுக்கு" என்பார். கடல் தாண்டினாலும் ஆம்பிளைகள் ஒரே கம்பெனித் தயாரிப்புதான்.

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் வராந்தாவில் டப்பாவைத் திறந்து திறந்து மூடிய கை நினைவுக்கு வந்ததும் நின்றுவிட்டது. நீங்களே அவரிடம் சொல்லுங்கள் என்றேன். முடியாது என்று தலையாட்டினார். ஊருக்குப் போனதும் சொல்கிறாராம். சொல்ல மாட்டார் என்று எனக்குத் தெரியும். மொழி புரியாவிட்டாலும் அந்த முகம் புரியும்.

லூப்பே காபியோடு உள்ளே வந்தார். எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். இவர் என்ன சொன்னார் என்று என்னைக் கேட்டார்.

ரமோன் என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். நான் அவரைப் பார்க்கவில்லை. கடைசி எழுத்தில் ஓங்கிக் குத்தி, தெளிவாக, தறிச் சத்தத்துக்கு மேலேயும் கேட்கிற குரலில் சொன்னேன். இவர் இரண்டு எடுத்தார். நீங்கள் டப்பாவைச் சரியாகத்தான் நிரப்பினீர்கள். நீங்கள் எதையும் மறக்கவில்லை.

லூப்பே காபியை மேசையில் வைத்தார். "அவரா? நான் இல்லையா?" என்று கேட்டார். இல்லை என்றேன். மறுபடியும் கேட்டார். மறுபடியும் இல்லை என்று சொல்லி, சர்க்கரைப் பொங்கல் கதையையும் சொன்னேன். நாற்காலியில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டு தோள் குலுங்க அழுதார். ரமோன் கட்டிலிலிருந்து கையை நீட்டி அவர் தலையைத் தொட்டார். அவ்வளவுதான். அந்த அம்மா விருட்டென்று எழுந்து, பக்கத்துக் கட்டிலில் கிடந்த செய்தித்தாளைச் சுருட்டி, புருஷனைத் தோளிலும் முதுகிலும் வெளுத்து வாங்கினார். அடித்துக்கொண்டே சிரித்தார், சிரித்துக்கொண்டே அழுதார். சர்க்கரைப் பொங்கலுக்குத் தனியாக ஒன்று விழுந்தது.

சத்தம் கேட்டு நர்ஸ் ஓடிவந்தாள். "இன்னாக்கா ஆச்சி? பேஷண்ட அடிக்கிறாங்க?"

"ஒண்ணும் இல்ல சிஸ்டர். ஒடம்பு சரியாயிடுச்சி, அதான்."

"அவருக்கா?"

"இல்ல" என்றேன். "அந்தம்மாக்கு."